கனகாம்பரம் வாடினால் உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்

ரெண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஐப்பசியில், மொட்டை மாடியில் இருந்த மூன்று கனகாம்பரச் செடிகளும் ஒரே வாரத்தில் போய்விட்டன. காலையில் மாடிக்குப் போனால் இலையெல்லாம் துவண்டு தொங்கிக்கொண்டிருந்தது. செடி துவண்டால் என்ன செய்வோம், தண்ணீர் ஊற்றுவோம்; நானும் ஊற்றினேன். சாயங்காலம் இன்னும் துவண்டது, இன்னும் ஊற்றினேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மாச்சி, "மண்ணுதான் சொதசொதன்னு கெடக்கே, அதுக்கு மேலயும் ஏன்டி ஊத்துற?" என்று கேட்ட பிறகுதான் விரலை விட்டுப் பார்த்தேன். அடிவரைக்கும் சேறு. நான்காம் நாள் தண்டைப் பிடித்துத் தூக்கினால் பிடிமானமே இல்லாமல் செடி கையோடு வந்துவிட்டது.

அந்த வேரைக் குழாயடியில் கழுவிப் பார்த்தேன். கேழ்வரகைக் கோத்து வைத்த மாதிரி வேர் முழுக்கச் சின்னச் சின்ன முண்டுகள். மழை சும்மா கடைசித் தள்ளு தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். செடி நர்சரியிலிருந்து வந்த அன்றைக்கே நோயாளியாகத்தான் வந்திருக்கிறது.

அதனால் "பூ நிறைய வர என்ன உரம் போடலாம்" என்ற இடத்திலிருந்து நான் ஆரம்பிக்கப்போவதில்லை. எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான், தெரியும். ஆனால் கனகாம்பரம் நம் மண்ணின் செடி, தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதற்குச் சொந்த ஊர், நம் வெயில் அதற்குப் புதிதில்லை. வேர் சுத்தமாக இருந்தால் பெரிய கவனிப்பு இல்லாமலே பூத்துக் கொட்டும், வேர் கெட்டால் நீங்கள் என்ன கரைசல் ஊற்றினாலும் பிழைக்காது.

முதலில், எந்தக் கனகாம்பரம் என்பதில் ஒரு தெளிவு வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் பணத்தை விடுகிறார்கள். தாவரவியலில் இதன் பேரினம் கிராசாண்ட்ரா. அதில் ஐம்பது இனங்கள் வரை உண்டு, பெரும்பாலும் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இருப்பவை. நம் தலையில் ஏறுவது அதில் ஒன்றே ஒன்று. டிசம்பர் பூ, ஆடாதோடை, நிலவேம்பு, நீர்முள்ளி எல்லாம் இதே குடும்பத்துச் சொந்தக்காரர்கள். நம்மிடம் புழங்குவதில் சாதாரண ஆரஞ்சு, மஞ்சள், சிவப்பு ஆகியவை விதை வைக்கும், விதை போட்டால் முளைக்கும். டெல்லி கனகாம்பரம் என்று பூக்கடையில் சொல்கிறார்களே, இதழ் பெரிதாக, நிறம் கொஞ்சம் அழுத்தமாக, கட்டி வைத்தால் வாடாமல் நிற்கும், அது விதை வைக்காது. மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட செடி அது, விதையில்லாத வாழைப்பழம் மாதிரி. குச்சி வெட்டி நட்டுத்தான் பெருக்க முடியும். ஆகவே "டெல்லி கனகாம்பரம் விதை, நூறு விதை இவ்வளவு ரூபாய்" என்று ஆன்லைனில் யாராவது விற்றால், அந்தப் பாக்கெட்டுக்குள் என்ன இருந்தாலும் டெல்லி கனகாம்பரம் இருக்காது. நான் ஒரு தடவை வாங்கினேன். முளைத்து வந்தது சாதாரண ஆரஞ்சு. அதுவும் நல்ல பூதான், ஆனால் கேட்டது அது இல்லையே.

இவை தவிர, பெங்களூருப் பக்கம் ஹேசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அர்கா அம்பரா, அர்கா கனகா என்று சில ரகங்களை வெளியிட்டிருக்கிறது. நாற்று கிடைத்தால் வாங்கலாம். கிடைக்கவில்லை என்று அலைய வேண்டாம். மாடியில் நாலு தொட்டி வைக்கிறவர்களுக்கு டெல்லியே போதும்.

வாங்கும்போது

நர்சரியில் பூ நிறைய இருக்கிற செடியைத் தூக்காதீர்கள். நான் இப்போது செய்வது இதுதான்: நாலைந்து செடியைத் தனியே எடுத்து வைத்து, ஒவ்வொன்றாகப் பாலித்தீன் கவரின் அடியில் தட்டி, கவரை லேசாகக் கீழே இறக்கி வேரைப் பார்ப்பேன். "மண்ணு உதிரும்மா" என்று கடைக்காரர் சத்தம் போடுவார், போடட்டும். வேர் வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ, நூல் மாதிரி ஒரே சீராக இருந்தால் நல்ல செடி. நடுநடுவே கடுகு, கேழ்வரகு அளவில் வீங்கியிருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். பயறு, கடலை வேரில் இருக்கிற நல்ல முடிச்சோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பயற்று வேரில் இருப்பது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிரும். இது அப்படி இல்லை, வேரே வீங்கியிருக்கும், தள்ளினால் வேர்தான் அறுபடும். கனகாம்பரத்தில் அதெல்லாம் நல்ல முடிச்சாக இருக்க வாய்ப்பே கிடையாது.

இந்தப் புழு கண்ணுக்குத் தெரியாது. வேருக்குள் புகுந்து அங்கேயே குடும்பம் நடத்தும், அது குடைந்த வழியில் ஃபுசாரியம் என்கிற பூஞ்சாணம் உள்ளே போகும், அப்புறம் வாடல் நோய். விவசாயிகள் கனகாம்பரத்தில் அதிகம் பயப்படுவது இந்த ஜோடியைத்தான். ஒன்று தனியாக வந்தால்கூடச் செடி கொஞ்ச நாள் இழுத்துக்கொண்டு கிடக்கும், ரெண்டும் சேர்ந்து வந்தால் ஒரு மழை போதும். என் மூன்று செடியும் அப்படித்தான்.

மண்

பழைய தொட்டி மண்ணில் நடுவதாக இருந்தால், அதில் முன்பு என்ன இருந்தது என்று யோசியுங்கள். தக்காளி, கத்தரி, வெண்டை இருந்த மண் என்றால் வேண்டாம், அதே நூற்புழு அந்தச் செடிகளிலும் செழிப்பாக இருக்கும். வேறு மண் இல்லை என்றால் சித்திரை வெயிலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். மண்ணை ஈரமாக்கி (காய்ந்த மண்ணில் வேலை செய்யாது) மாடித் தரையில் நாலைந்து அங்குல உயரத்துக்குப் பரப்பி, மேலே கண்ணாடி மாதிரி தெரிகிற பாலித்தீன் ஷீட்டைப் போர்த்தி, காற்றுப் போகாமல் ஓரத்தில் செங்கல் வைத்து நாலு முதல் ஆறு வாரம் விட்டுவிட வேண்டும். கறுப்பு ஷீட் வேண்டாம், வெயில் உள்ளே இறங்க வேண்டும். உள்ளே மண் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், புழுவும் முட்டையும் பெரும்பாலும் வெந்து போகும்.

கலவைக்கு நான் எடுப்பது செம்மண் ரெண்டு பங்கு, மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, ஆற்று மணலோ எம் சாண்டோ ஒரு பங்கு. எம் சாண்ட் என்றால் ரெண்டு தடவை அலசிவிட்டுப் போடுங்கள், அந்த மாவு மாதிரித் தூசு மண்ணை இறுக்கிவிடும். கோகோபீட்டை, அதாவது தேங்காய் நார்த் தூளை, இதில் நான் சேர்ப்பதில்லை, அல்லது ஒரு கை அளவுதான். மாடித்தோட்ட வீடியோக்களில் பாதிக்குப் பாதி கோகோபீட் போடச் சொல்கிறார்கள், கீரைக்கு அது சரி, வெயில் காலத்தில் கனகாம்பரத்துக்கும் சரி. மழைக்காலத்தில் அது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு விடாது. பன்னிரண்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு, ரெண்டு ஸ்பூன் டிரைக்கோடெர்மா விரிடி (கெட்ட பூஞ்சாணத்தை அடக்கும் நல்ல பூஞ்சாணம்), ரெண்டு ஸ்பூன் சூடோமோனாஸ் (அதே வேலை செய்யும் நல்ல பாக்டீரியா). இந்த ரெண்டும் வேளாண் இடுபொருள் கடைகளில் பவுடராகக் கிடைக்கும், பாக்கெட்டில் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள், உயிருள்ள பொருள் அது. தொழுவுரத்தோடு கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, நிழலில் ஒரு வாரம் சாக்கு போட்டு மூடி வைத்துவிட்டு அப்புறம் மண்ணில் கலந்தால் நன்றாகப் பெருகியிருக்கும்.

தொட்டியின் அடி ஓட்டை சுண்டுவிரல் நுழைகிற அளவாவது இருக்க வேண்டும். தொட்டியைத் தரையில் அப்படியே வைக்காமல் ரெண்டு ஓட்டுத்துண்டு மேல் வையுங்கள். பல தொட்டிகளில் ஓட்டை இருக்கும், ஆனால் தளத்தோடு ஒட்டிக்கொண்டு தண்ணீர் இறங்க வழி இருக்காது.

தரையில் நடுகிற வசதி இருப்பவர்கள் அதிர்ஷ்டசாலிகள். வரிசைக்கு வரிசை ரெண்டடி, செடிக்குச் செடி ஒரு அடி, டெல்லி என்றால் ஒன்றேகால் அடி. மேட்டுப்பாத்தி போட்டு நடுங்கள், பள்ளத்தில் வேண்டாம். துலுக்கச் சாமந்தி நூற்புழுவுக்கு ஆகாது. ஆனால் வரப்பில் அழகுக்கு ஒன்றிரண்டு நடுவதால் பெரிதாகப் பலன் இருக்காது. கனகாம்பரம் வைக்கப்போகிற அதே இடத்தில் மூன்று மாதம் முன்பே நெருக்கமாகத் துலுக்கச் சாமந்தி போட்டு, பூ எடுத்த பிறகு செடியை அங்கேயே மடக்கி மண்ணில் புதைத்தால் நல்ல வித்தியாசம் தெரியும்.

தண்ணீரும் வெயிலும்

விரலை ரெண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்றைக்குத் தண்ணீர் கிடையாது. இவ்வளவுதான் விதி. சித்திரை, வைகாசியில் தினமும் வேண்டியிருக்கும், சில நாள் ரெண்டு வேளைகூட. கார்த்திகையில் ஒரு வாரம் ஊற்றாமலே ஓடும். துவண்ட செடியைக் கண்டால் கை தானாகக் குடத்துக்குப் போகும், அந்த ஒரு நொடிதான் கஷ்டம். உச்சி வெயிலில் லேசாகத் தலை சாய்ந்து, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் ஒன்றுமில்லை, அது வெயிலுக்கு. மண் ஈரமாக இருக்கும்போதே காலையில் துவண்டிருந்தால் அது வேர்.

மழை விடாமல் நாலு நாள் பெய்யும் என்று தெரிந்தால் தொட்டியைச் சுவர் ஓரமாகவோ படிக்கட்டுக்குக் கீழோ நகர்த்திவிடுங்கள். நகர்த்த முடியாத பெரிய தொட்டியைச் சும்மா ஒரு பக்கம் செங்கல் வைத்துச் சாய்த்து வைத்தாலே பாதித் தண்ணீர் வடிந்துவிடும். மழைக்காலத்தில் பூ குறையும், அதற்காகக் கவலைப்பட்டு உரம் போட வேண்டாம், குறைவதுதான் அதன் வழக்கம்.

வெயில் காலை நாலைந்து மணி நேரம் நேராக விழுந்தால் உத்தமம். முழு நாள் வெயிலிலும் பூக்கும், ஆனால் நிறம் வெளிறும். அந்த ஆழ்ந்த ஆரஞ்சு சோகையாகிவிடும். என் மாடியில் மேற்குச் சுவரின் நிழல் ரெண்டு மணிக்கு மேல் விழுகிற இடத்தில் இருக்கும் செடிக்கும், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாள் முழுக்கக் காய்கிற செடிக்கும் பூவைப் பக்கத்தில் வைத்தால் வேறு வேறு ரகம் என்றே சொல்வீர்கள். ரெண்டும் ஒரே தாய்ச் செடியின் குச்சிகள். ரொம்ப நிழலில் வைத்தால் இலை மட்டும் பளபளவென்று வளரும், பூக்கதிர் வராது.

இலை மஞ்சளானால்

எந்த இலை என்று பாருங்கள். அடி இலை பழுத்து உதிர்ந்தால் வயதாகிவிட்டது, விட்டுவிடலாம். நுனியில் புதிதாக வருகிற இலையின் நரம்பு மட்டும் பச்சையாக, நடுப்பகுதி வெளிறி மஞ்சளாக இருந்தால் இரும்புச் சத்து எட்டவில்லை என்று அர்த்தம். போர்வெல் உப்புத் தண்ணீர் ஊற்றுகிற வீடுகளில் இது சாதாரணம். மண்ணில் இரும்பு இருக்கும், சுண்ணாம்பு ஏறிய மண்ணிலிருந்து வேரால் எடுக்க முடியாது. நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கொடுப்பார்கள், உரக்கடையில் பெரஸ் சல்பேட். ஒரு லிட்டர் தண்ணீரில் அஞ்சு கிராம், கூட அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து, வடிகட்டி, சாயங்காலம் இலை மேல் தெளிக்க வேண்டும். பத்து நாள் கழித்து இன்னொரு தடவை. அன்றைக்கே கலந்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள், மறுநாள் வைத்தால் துருத் தண்ணீராகிவிடும். மொட்டை மாடித் தளத்தில் சிந்தினால் கறை போகாது, இதை நான் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன், இன்னும் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மாதம் ரெண்டு தடவை ஊற்றினால் இந்தத் தெளிப்பே பாதி தேவைப்படாது.

உரம் என்று பார்த்தால் மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பஞ்சகவ்யா லிட்டருக்கு முப்பது மில்லி. கடலைப் புண்ணாக்குக் கரைசல் நல்லதுதான், அடிக்கடி ஊற்றினால் தழைத்துக்கொண்டே போகும், பூவைக் காணோம் என்று புலம்ப வேண்டிவரும். மாதம் ஒரு தடவை, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து. அவ்வளவு போதும்.

குச்சி நடுவது

டெல்லிக்கு இது ஒன்றுதான் வழி. என் மூன்று செடியும் செத்துக்கொண்டிருந்தபோது அம்மாச்சி சொல்லித்தான் இதைச் செய்தேன், இன்றைக்கு இருக்கும் ஆறு செடியும் அதன் பிள்ளைகள். நூற்புழு வேரில்தான் இருக்கும், தண்டின் நுனிக்கு ஏறாது. அதனால் அடி அழுகிய செடியிலும் மேல் கிளை இன்னும் விறைப்பாக இருந்தால் அதைக் காப்பாற்றிவிடலாம். வெட்டிய இடத்தைப் பாருங்கள், குறுக்கே வெள்ளையாக, பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பு வளையம் தெரிந்தால் பூஞ்சாணம் அதுவரை ஏறிவிட்டது, இன்னும் மேலே வெட்டிப் பாருங்கள், அங்கேயும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ரொம்ப இளசும் வேண்டாம், மரமாக முற்றியதும் வேண்டாம். வளைத்தால் வளைந்து, இன்னும் வளைத்தால் சடக்கென்று முறிகிற பதம். நாலைந்து அங்குல நீளம், ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே பிளேடால் சாய்வாக வெட்டுங்கள். கத்தரிக்கோல் தண்டை நசுக்கும். கதிர் இருந்தால் கிள்ளி எறியுங்கள், மனசு வராது, ஆனாலும் கிள்ள வேண்டும், பூவுக்குப் போகிற பலம் வேருக்குப் போகட்டும். அடி இலைகளை எடுத்துவிட்டு நுனியில் ரெண்டு இலையை மட்டும் விட்டு அதையும் பாதியாக வெட்டுங்கள். வெறும் ஈர மணலில் ஒரு கணு புதைகிற மாதிரி செருகி, மேலே அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, நிழலில். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பாட்டிலை எடுத்து ஐந்து நிமிஷம் காற்று. மூன்று, நாலு வாரத்தில் கணுவில் புதுத் துளிர் வரும். துளிர் வந்தவுடனே பிடுங்கிப் பார்க்காதீர்கள், சில சமயம் தண்டில் இருக்கிற சத்திலேயே துளிர்க்கும். லேசாக இழுத்தால் எதிர்த்து நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் வேர் விட்டாயிற்று.

ஆடி, ஆவணி இதற்கு நல்ல மாதம். அக்னி நட்சத்திரத்தில் பத்து வைத்தால் ஒன்று தேறும்.

விதை

விதை ரகங்களுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. பூ முடிந்த கதிர் காய்ந்து பழுப்பானதும் அதைக் கிள்ளி, உள்ளங்கையில் வைத்துச் சொட்டுத் தண்ணீர் விடுங்கள். சில நொடிகள் ஒன்றும் நடக்காது. அப்புறம் டப்! காய் ரெண்டாகப் பிளந்து விதை முகத்தில் அடிக்கும். தொடர்ந்து அடுத்தடுத்த காய்கள் டப், டப் என்று. காய்ந்த தோல் ஈரம் பட்டதும் இழுபட்டு வெடிக்கிறது. மழை வருகிற நேரம் பார்த்து விதையைத் தூர எறிவதற்குச் செடி செய்து வைத்திருக்கும் ஏற்பாடு. தெருவோரம் பட்டாசுக்காய் என்று தண்ணீரில் போட்டு விளையாடுவோமே, அதுவும் இதே குடும்பம்தான்.

ஆக, விதை எடுக்க வேண்டுமென்றால் தண்ணீர் படுவதற்கு முன் எடுக்க வேண்டும். கதிர் பாதி பழுப்பாகும்போதே பழைய வேட்டித் துணியில் சின்னப் பை தைத்துக் கட்டிவிடுவது நல்லது. அல்லது காய்ந்த கதிரை வெட்டி, மூடி போட்ட டப்பாவுக்குள் ரெண்டு சொட்டுத் தண்ணீரோடு போட்டுக் குலுக்கி வையுங்கள், உள்ளேயே வெடித்து விதை சேர்ந்துவிடும். உடனே நிழலில் உலர்த்துங்கள். ஒரு காய்க்கு நாலு விதை வரை இருக்கும். புதிதாக எடுத்த விதையை அப்போதே போடுவதுதான் எனக்குச் சரியாக வருகிறது. மேலாகத் தூவி, விதை மறைகிற அளவுக்கு மணல். ரெண்டு மூன்று வாரத்தில் முளைக்கும், அறுபது நாள் நாற்றாக எடுத்து நடலாம். சில வீடுகளில் இந்தச் சிரமமே இல்லை, செடி தானே எறிந்த விதை பக்கத்துத் துளசித் தொட்டியில் முளைத்திருக்கும்.

கதிர் கிள்ளுவது

நட்டு ரெண்டு மூன்று மாதத்தில் முதல் பூ. அதற்கு முன்னால், செடி முக்கால் அடி வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை நாலைந்து வரும். ஒவ்வொரு கிளையும் ஒரு கதிர் தரும் என்பதால் இந்த ஒரு கிள்ளுக்கு மதிப்பு அதிகம்.

கதிரில் பூ அடியிலிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். நுனிப்பூவும் முடிந்த பிறகு பச்சைக் கதிர் வெறுமனே நின்றுகொண்டிருக்கும். பார்க்கப் பச்சையாக இருப்பதால் இன்னும் பூக்கும் என்று நினைத்து விட்டுவிடுகிறோம், பூக்காது. விதை வேண்டாம் என்றால் காம்போடு, கீழே இருக்கும் இலை ஜோடிக்கு மேலே வெட்டுங்கள். அந்த இலைக் கக்கங்களிலிருந்து ரெண்டு துளிர் வரும், ரெண்டிலும் கதிர். டெல்லியில் விதை பிடிக்காது என்றாலும் வெறுங்கதிரை வெட்டினால்தான் அடுத்த கதிர் சீக்கிரம் வருகிறது.

வருஷத்துக்கு ஒரு தடவை, மழையெல்லாம் ஓய்ந்து தை பிறந்ததும், செடியைப் பாதிக்கு வெட்டிவிடுவேன். பங்குனி, சித்திரையில் கல்யாண சீசனுக்குச் சரியாகப் பூ வந்து நிற்கும். மூன்று வருஷத்துக்கு மேல் ஒரே செடியை இழுக்காதீர்கள். தண்டு மரமாகிப் பூ சிறுத்துவிடும், குச்சி எடுத்துப் புதிது வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சியில் மாவுப்பூச்சியும் அசுவினியும்தான் பெரும்பாலும். தண்டில் எறும்பு வரிசை ஏறினால் மேலே ஏதோ இருக்கிறது என்று பொருள். வேப்பெண்ணெய் அஞ்சு மில்லி, கொஞ்சம் காதி சோப் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர், சாயங்காலம் இலைக்கு அடியில் படும்படி. பூவின் மேல் அடிக்க வேண்டாம், தலையில் வைக்கப்போகிறோம்.

பறிப்பதும் கட்டுவதும்

பூ முழுசாக விரிய ரெண்டு நாள் ஆகும். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலையில் பறிப்பதுதான் வழக்கம். அடியில் பிடித்து லேசாக மேல்நோக்கி உருவினால் புல்லிதழ் எல்லாம் கதிரிலேயே நின்றுவிட்டு, விசிறி மாதிரி ஒரு பக்கமாக விரிந்த இதழும் நூல் போன்ற நீண்ட குழலும் மட்டும் கையில் வரும். இதழைப் பிடித்து இழுத்தால் குழல் பாதியில் அறும், அப்புறம் கட்டுவதற்குக் காம்பே இருக்காது. பூ எடையே இல்லாதது, ஒரு கிலோவுக்குச் சுமார் 15,000 பூ வேண்டும். மதுரை மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளில் கனகாம்பரம் விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்கள், அத்தனையையும் ஒவ்வொன்றாக ஒருவர் உருவியிருக்கிறார் என்பதை யோசித்தால் பேரம் பேசக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள்.

என் ஆறு செடியில் நல்ல சீசனில் ஒரு பறிப்புக்கு நெருக்கமாகக் கட்டினால் ஒரு முழம் தேறுகிறது. மல்லிகை கட்டிப் பழகிய கைக்குக் கனகாம்பரம் முதலில் அடங்காது. மல்லிகைக் காம்பு விறைப்பு, இது குழல், சுருக்கை இறுக்கினால் நூலே அறுத்துவிடும். வாழைநாரை நனைத்துக் கட்டினால் அறுக்காது. பக்கத்துக்கு மூன்று பூ, விசிறி வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரி அடுக்கி, சுருக்கை மெதுவாக இழுத்து, முந்தின கண்ணியோடு ஒட்டித் தள்ளிவிட வேண்டும். வாசமில்லாத பூ என்பதால் நடுவில் ரெண்டு கண்ணிக்கு ஒரு தடவை மரிக்கொழுந்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். கட்டியதை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் மறுநாள் சாயங்காலம் வரை அப்படியே இருக்கும். தண்ணீரை நேராகத் தெளித்தால் மட்டும் இதழ் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுத்துவிடும், அம்மாச்சி துணியையும் நன்றாகப் பிழிந்துவிட்டுத்தான் சுற்றுவார்.